கச்சான் காற்றுக் காலத்தில் கிரேக்கச் சிவப்பு வைன்: வைப்பது, குளிர்விப்பது, ஊற்றுவது

திருகோணமலையில் சுற்றுலாக் காலமும் கொடுவெயில் காலமும் ஒன்றுதான். உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் நிறைந்திருக்கும் அதே மாதங்களில்தான் தென்மேற்கிலிருந்து வரும் உலர்ந்த கச்சான் காற்று வீசி, மத்தியானத்தில் 34, 35 பாகை செல்சியஸுக்கு வெப்பம் ஏறுகிறது. ஓக் பீப்பாவில் முதிர்ந்த சிவப்பு வைனுக்கு இதைவிடக் கெட்ட காலம் கிடையாது. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதியை இங்கே அப்படியே பிடித்துக்கொண்டால் போத்தல் பாழ். அந்த விதியில் வரும் அறை ஐரோப்பாவின் கல்வீட்டு அறை. அங்கே 16, 17 பாகை இருக்கும். எங்கள் விறாந்தையில் இரவு எட்டு மணிக்கும் 30 பாகை. இந்தச் சூட்டுக்குப் பயந்து வைனைப் பியர் போல 5 பாகைக்குக் குளிர வைப்பவர்களும் உண்டு. அதுவும் பிழைதான்.

இரண்டுக்கும் நடுவில், 15 முதல் 18 பாகை வரை ஒரு சின்ன இடம் இருக்கிறது. 20 பாகையைத் தாண்டினால் மதுசாரம் மூக்கில் ஏறி, பழ வாசனையை மூடிவிடும். 13 பாகைக்குக் கீழே போனால் துவர்ப்பு நாக்கில் பட்டை உரித்தது போல நிற்கும், ஓக் மரம் கசக்கும், வாசனை எழும்பவே எழும்பாது. வாங்கிய நாளிலிருந்து கடைசிச் சொட்டு வரை செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் அந்த மூன்று பாகை இடைவெளிக்காகத்தான்.

போத்தலுக்குள் இருப்பது என்ன

கிரேக்கத்தின் சொந்த முந்திரிகை (திராட்சை) இனங்கள் பல. ஓக்கில் முதிர்ந்த சிவப்பு என்று வரும்போது இரண்டைத் தெரிந்துவைத்திருந்தால் பெரும்பாலும் போதும்.

முதலாவது ஸினோமாவ்ரோ. ஸினோ என்றால் புளிப்பு, மாவ்ரோ என்றால் கறுப்பு. வட கிரேக்கத்தின் மக்கெதோனியாவில், வெர்மியோ மலைச் சரிவில் இருக்கும் நாவுஸாதான் இதற்குப் பேர்போன ஊர். 1971 முதல் அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. லேபலில் நாவுஸா என்று போட வேண்டுமானால் வைன் முழுக்க ஸினோமாவ்ரோவாக இருக்க வேண்டும், ஓக் பீப்பாவில் குறைந்தது 12 மாதம் கிடந்திருக்கவும் வேண்டும்.

இரண்டாவது அயோர்யித்திகோ, புனித ஜோர்ஜின் பெயரைத் தாங்கிய இனம். இதன் ஊர் தெற்கே பெலொப்பொனேசில் உள்ள நெமேயா. ஹெராக்ளிஸ் சிங்கத்தைக் கொன்றதாகப் பழங்கதை சொல்லும் இடமும் அதுவே. அதனால் அந்த வைனை ஹெராக்ளிஸின் இரத்தம் என்று சொல்வார்கள்.

இரண்டையும் ஒரே மாதிரிக் கையாளக் கூடாது. ஸினோமாவ்ரோவின் நிறம் வெளிறியது. புளிப்பும் துவர்ப்பும் கூட. மணத்தில் வெயிலில் உலர்ந்த தக்காளி, ஒலிவ்காய், உலர்பழம் தெரியும். அயோர்யித்திகோ கருஞ்சிவப்பு, வாயில் மெதுவானது, பிளம்ஸ் பழ மணம். ஸினோமாவ்ரோவுக்குக் காற்றும் நேரமும் தேவை. அயோர்யித்திகோவுக்குக் கொஞ்சம் கூடுதல் குளிர்ச்சி போதும்.

வேறு பெயர்களும் கண்ணில் படலாம். ஒலிம்பஸ் மலைச் சரிவின் ரப்ஸானி, ஸினோமாவ்ரோவோடு கிரஸாத்தோ, ஸ்தவ்ரோத்தோ ஆகிய இரண்டையும் சேர்த்துச் செய்வது. கிரேத்தாத் தீவில் மென்மையான கொத்ஸிஃபாலியையும் முரட்டு மந்திலாரியாவையும் கலப்பார்கள். மாவ்ரோதாஃப்னி என்று இருந்தால் கவனமாகப் பாருங்கள். பத்ராஸ் ஊரின் மாவ்ரோதாஃப்னி பெரும்பாலும் மதுசாரம் சேர்த்த இனிப்பு வைன், சாப்பாட்டுக்குப் பின் சின்னக் கிளாஸில் குடிப்பது. போத்தலின் கழுத்தில் ஒட்டிய கடதாசிப் பட்டி இதற்கு உதவும். ஊர்ப்பெயர் பெற்ற இனிப்பில்லாத வைனுக்குச் சிவப்புப் பட்டி, இனிப்பு வைனுக்கு நீலப் பட்டி. ‘ரிசேர்வ்’ என்று இருந்தால் சிவப்பு வைன் குறைந்தது 3 வருடம் முதிர்ந்தது, ‘கிராண்ட் ரிசேர்வ்’ என்றால் 4 வருடம்.

பீப்பா செய்யும் வேலை இரண்டு. 225 லீற்றர் ஓக் பீப்பாவின் மரம் மிகமிகக் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விடும். அந்தக் காற்றில் துவர்ப்புப் பொருட்கள் ஒன்றோடொன்று பிணைந்து மெதுவாகின்றன. மற்றது வாசனை. பீப்பா செய்யும்போது உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அதிலிருந்து வனிலாவும் புகையும் வரும். கராம்புக்கு மணம் தரும் யூஜினோல் என்ற அதே பொருள் வாட்டிய ஓக்கிலும் இருப்பதால், எங்கள் மூக்கு அதை உடனே கண்டுகொள்ளும். அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணமும் தூக்கலாக இருக்கும். பல தடவை பாவித்த பழைய பீப்பா வாசனை தராது, முதிர்ச்சியை மட்டும் தரும். ஒரு வைனில் வனிலாவும் தேங்காயும் மட்டும் மணந்து பழம் மணக்கவில்லை என்றால் பீப்பா மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். லேபல் எவ்வளவு விலைபெற்றதாக இருந்தாலும் அது நல்ல வைன் அல்ல.

கொண்டுவரும் வழி

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவரும் போத்தல் விமானத்தில் கெடுவதில்லை. விமானத்தின் அடித்தட்டு குளிராகத்தான் இருக்கும். கெடுவது கட்டுநாயக்காவுக்குப் பிறகு. ஆறேழு மணி நேர வீதிப் பயணத்தில், ஹபரணையில் சாப்பிட வாகனத்தை வெயிலில் விட்டுப் போகும் முக்கால் மணி நேரம் போதும். கண்ணாடி மூடிய வாகனத்தின் உள்ளே வெப்பம் 50 பாகையைத் தொடும். வைன் 20 பாகையிலிருந்து 35 பாகைக்குச் சூடாகும்போது ஒரு போத்தலில் மூன்று, நாலு மில்லிலீற்றர் விரியும். தக்கைக்கும் வைனுக்கும் இடையில் உள்ள வெற்றிடம் சிறியது. அதனால் தக்கை வெளியே தள்ளப்படும், ஓரத்தால் வைன் கசியும். பிறகு குளிரும்போது அந்த வழியாகவே காற்று உள்ளே போகும்.

முடிந்தால் இரவுப் பயணத்தில் கொண்டுவாருங்கள். பகலில்தான் என்றால், மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கி, போத்தலை ஈரத் துவாயில் சுற்றிப் படுக்கவைத்து, ஐஸ் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பெட்டி டிக்கியில் வேண்டாம், ஏசி படும் இருக்கையின் கால்மாட்டில் இருக்கட்டும். வந்து சேர்ந்ததும் அன்றே திறக்காதீர்கள். ஒரு கிழமை அசையாமல் இருந்தால் மணம் மீளும், மண்டியும் அடங்கும்.

எங்கே வைப்பது

வைனுக்கு உகந்தது 12 முதல் 14 பாகை, மாறாத வெப்பம், இருட்டு. வைன் பிரிட்ஜ் இருந்தால் 13இல் வையுங்கள். கடற்கரையில் உப்புக் காற்று பின்புறச் சுருளை அரித்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் துடைப்பது நல்லது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த பிரிட்ஜ் சில மணி நேரம் தாங்கும்.

வைன் பிரிட்ஜ் இல்லாத வீட்டில் சாதாரண பிரிட்ஜின் அடித்தட்டுதான் அடுத்த நல்ல இடம். 6, 7 பாகை வைனைக் கெடுக்காது, முதிர்ச்சியை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். பிரிட்ஜின் உட்காற்று உலர்ந்தது என்பதால் போத்தலைப் படுக்கவைத்து, தக்கை எப்போதும் நனைந்திருக்கும்படி பாருங்கள். கதவுத் தட்டு வேண்டாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடும் குலுக்கலும் அங்கேதான்.

பிரிட்ஜிலும் இடமில்லை என்றால் வீட்டின் நடு அறையில், மேற்குச் சுவரில் படாத மூலையில், நிலத்தோடு வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழும், கொங்கிறீற் தட்டுக்கு நேர்கீழ் அலுமாரியின் மேல்தட்டும் கூடவே கூடாது. பகலில் வாங்கிய சூட்டைக் கூரை இரவு முழுக்க இறக்கிக்கொண்டிருக்கும். மண்பானை முறை கச்சான் காலத்தில் நன்றாக வேலை செய்கிறது. பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, நடுவில் போத்தலை இறக்கி, வாயை ஈரச் சாக்கால் மூடிக் காற்றோட்டத்தில் வைத்தால், வெளியே 35 இருக்கும்போது உள்ளே ஆறேழு பாகை குறையும். கச்சான் உலர்ந்த காற்று, ஈரத்தை இழுக்கும், அதனால் பானை குளிரும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் காற்றிலேயே ஈரம் நிறைந்துவிடும். பானை அப்போது பயன்படாது. எப்படி வைத்தாலும் 28 பாகைக்கு மேல் இருக்கும் போத்தலை இரண்டு, மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். 10 பாகை கூடினால் முதிர்ச்சியின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆனால் அது நல்ல முதிர்ச்சி அல்ல.

ஈரக் காலத்தில் லேபலில் பூஞ்சணம் பிடிப்பது வைனைப் பாதிக்காது. துடைத்துவிடலாம்.

குளிர்விக்கும் கணக்கு

வாளிதான் சிறந்த கருவி. 10 லீற்றர் வாளியில் 2 கிலோ ஐஸும் 3 லீற்றர் தண்ணீரும் போடுங்கள். தண்ணீர் முக்கியம். ஐஸ் மட்டும் இருந்தால் அங்கங்கே தொட்டுக்கொண்டு நிற்கும், தண்ணீர்தான் போத்தலை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும். போத்தலைக் கழுத்துவரை இறக்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகச் சுழற்றுங்கள். 31 பாகையில் இருந்த ஸினோமாவ்ரோ ஏறத்தாழ 10 நிமிடத்தில் 17க்கு வரும். அயோர்யித்திகோ என்றால் இன்னும் இரண்டு நிமிடம் விட்டு 15க்கு எடுங்கள். உப்புப் போட வேண்டாம். உப்பு ஐஸ் தண்ணீரைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்கும், போத்தலின் ஓரம் உறைகுளிராகவும் நடு சூடாகவும் நிற்கும். பழைய, மண்டியுள்ள போத்தலையும் சுழற்றாதீர்கள். அதை முதல் நாளே பிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள்.

வாளி இல்லாவிட்டால் பிரிட்ஜ். அறைச் சூட்டிலிருந்து 17 பாகைக்கு வர ஒன்றரை மணி நேரம் செல்லும். ஏற்கெனவே பிரிட்ஜில் கிடந்த போத்தல் என்றால் ஊற்றுவதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். ஃப்ரீஸர் மட்டும் வேண்டாம். மறந்துபோனால் வைன் உறைந்து தக்கையைத் தள்ளிவிடும். இறைச்சிக்குப் பாவிக்கும் குத்து வெப்பமானி ஒன்று குசினியில் இருந்தால், முதல் கிளாஸில் வைத்து அளந்து பாருங்கள். நாலைந்து தடவை அளந்தபின் கையே சொல்லிவிடும்.

இங்கே பலர் தவறவிடுவது ஊற்றிய பிறகு நடப்பதை. 16 பாகையில் ஊற்றிய வைன் கடற்கரை விறாந்தையில் கால்மணி நேரத்தில் 20ஐத் தாண்டும். அதனால் ஒரு தடவைக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றாதீர்கள். 750 மில்லிலீற்றர் போத்தலில் ஏழு தடவை வரும். இடையில் போத்தலை மேசையில் விடாமல், ஒரு பிடி ஐஸ் மட்டும் போட்ட தண்ணீரில் நிறுத்துங்கள். கிளாஸுக்குள் ஐஸ் போடுவதைச் சில விருந்தினர் கேட்பார்கள். கேட்டால் கொடுக்கலாம், ஆனால் நீங்களாகப் போடாதீர்கள். தண்ணீர் கலந்ததும் பழம் மறைந்து துவர்ப்பு மட்டும் மிஞ்சும்.

திறப்பதும் தெளிய வடிப்பதும்

மண்டியுள்ள போத்தலைக் குறைந்தது 24 மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். மேலுறையை வாயின் கீழ்விளிம்புக்குக் கீழே வெட்டி, வாயைச் சுத்தத் துணியால் துடையுங்கள். இரட்டைப் படி உள்ள மடக்குத் திருகியே நல்லது. முனையைத் தக்கையின் நடுவில் வைத்து நேராக இறக்கி, ஒரு சுற்று மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். முழுதாக இறக்கினால் தக்கையின் அடியைத் துளைத்துத் தூளை வைனில் தள்ளும். முதல் படியில் பாதி, இரண்டாம் படியில் மீதி. கடைசி அரைச் சென்ரிமீற்றரைக் கையால் அசைத்து எடுங்கள். 15 வருடத்துக்கு மேற்பட்ட போத்தலில் தக்கை பொடிந்துவிடும். அதற்கு இரு தகடுள்ள கழற்றியை இரு பக்கமும் இறக்கிச் சுழற்றித் தூக்க வேண்டும்.

இளம் ஸினோமாவ்ரோவை, அதாவது ஆறேழு வருடத்துக்குக் குறைந்ததை, ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் காற்றில் விட வேண்டும். தக்கையைக் கழற்றி வைத்தால் மட்டும் போதாது, அந்தச் சின்ன வாயால் காற்றுப் போகாது. அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். இந்தச் சூட்டில் குடுவையே வைனைக் கெடுத்துவிடும் என்பதால், குளிர்ந்த தண்ணீர் உள்ள பேசினில் குடுவையை நிறுத்தி ஈரத் துணியால் சுற்றிவையுங்கள். அயோர்யித்திகோவுக்கு அரை மணி நேரம் தாராளம்.

பழைய போத்தலைப் பரிமாறும் நேரத்தில்தான் வடிக்க வேண்டும். போத்தலின் கழுத்துக்குக் கீழே மெழுகுதிரியோ போன் வெளிச்சமோ இருக்கட்டும். ஒரே சரிவில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். முதலில் கழுத்தில் தெளிந்த சிவப்பு ஓடும். கடைசியில் புகை போல ஒரு மெல்லிய கோடு தோள்பக்கத்திலிருந்து நகர்ந்து வரும். அது கழுத்தைத் தொட்டவுடன் போத்தலை நிமிர்த்துங்கள். 30 முதல் 50 மில்லிலீற்றர் உள்ளே மிஞ்சும். அதற்காகக் கவலைப்பட்டு மண்டியையும் ஊற்றினால் மொத்தமும் கலங்கும்.

கிளாஸ் அகன்றதாக, 500 மில்லிலீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஊற்றுமுன் வெறுங்கிளாஸை மணந்து பாருங்கள். கருவாட்டு மணமும் பூச்சி உருண்டை மணமும் அலுமாரியிலிருந்து கிளாஸுக்கு எளிதில் ஏறும். சவர்க்காரத் தூள் வேண்டாம். சுடுதண்ணீரில் அலசி, நூல் பறக்காத துணியால் துடைத்து, வாயை மேலே வைத்து அடுக்குங்கள். கவிழ்த்து வைத்தால் தட்டின் மணம் உள்ளே அடைபடும்.

கெட்டதா, இயல்பா

ஸினோமாவ்ரோவை நாலு வருடத்திலேயே கிளாஸில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம் தெரியும். கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்த இனத்தின் இயல்பே அது. மூக்கைக் கேளுங்கள். தக்காளி, ஒலிவ், உலர்பழம் இருந்தால் நல்ல வைன். காய்ச்சிய ஜாம் மணமும், தக்கை மேலே தள்ளி நிற்பதும், உறைக்குக் கீழே பிசுபிசுப்பும் சேர்ந்திருந்தால் சூட்டில் வெந்த வைன். நனைந்த மட்டை மணந்தால் தக்கையின் நோய், காற்றில் விட்டால் மோசமாகுமே தவிரத் தீராது. கியூட்டெக்ஸ் மணம் புளிக்காடிப் பக்கம் போய்விட்டதைக் காட்டும். கூழ்முட்டை மணம் மட்டும் பெரும்பாலும் தீரும். குடுவைக்கு இரண்டு தடவை மாற்றி ஊற்றி 20 நிமிடம் விட்டுப் பாருங்கள். தக்கையின் அடியில் சீனி போல மின்னுவது வைனில் உள்ள புளிப்பின் படிகம், தீங்கற்றது.

எதோடு கொடுப்பது

நண்டுக் கறியோடும் காரமான கணவாயோடும் கொடுக்காதீர்கள். மிளகாய்க் காரத்தை மதுசாரமும் துவர்ப்பும் இன்னும் எரிய வைக்கும். சிவப்பு வைனில் கொஞ்சம் இரும்புச் சத்து உண்டு. மீன் கொழுப்போடு அது சேரும்போது வாயில் பழைய மீன் வாடை நிற்கும். மீன்தான் வேண்டும் என்றால் தணலில் வாட்டிய சூரைத் துண்டும் தக்காளியும், குளிர்ந்த அயோர்யித்திகோவும் ஓரளவு ஒத்துப்போகும்.

இந்த வைனுக்கு உண்மையான துணை ஸ்திஃபாதோ என்ற கிரேக்க இறைச்சி வதக்கல். தேவையானவை எல்லாம் இங்கே சந்தையிலேயே உண்டு. 1 கிலோ எலும்பில்லாத மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாக வெட்டி ஒலிவ் எண்ணெயில் சிவக்க வறுத்தெடுங்கள். அதே சட்டியில் உரித்த முழுச் சின்ன வெங்காயம் 750 கிராம் போட்டு, நிறம் மாறியதும் எடுத்துத் தனியே வையுங்கள். இறைச்சியைத் திரும்பப் போட்டு, 250 மில்லிலீற்றர் சிவப்பு வைன், 400 கிராம் நறுக்கிய தக்காளி, 2 மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு துண்டு கறுவா, 4 கராம்பு, 2 பிரிஞ்சி இலை, உப்பு, மிளகு சேர்த்து மூடி, மெல்லிய நெருப்பில் ஒன்றேகால் மணி நேரம் விடுங்கள். பிறகு வெங்காயத்தைச் சேர்த்து இன்னும் முக்கால் மணி நேரம். முதலிலேயே வெங்காயத்தைப் போட்டால் கரைந்துவிடும். மிளகாய்த்தூள் வேண்டாம். தக்காளிப் புளிப்பு ஸினோமாவ்ரோவின் புளிப்போடு சேரும், கறுவாவும் கராம்பும் ஓக்கின் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். பாணோடு பரிமாறுங்கள்.

விடுதி நடத்துபவர்கள் போயா நாளில் மது விற்க முடியாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு என்றுமே விற்க முடியாது என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது.

மிஞ்சிய வைனை மேசையில் விட்டால் இந்தச் சூட்டில் மறுநாள் மாலைக்குள் சுவை தட்டையாகிவிடும். 375 மில்லிலீற்றர் வெறும் போத்தல் ஒன்றைக் கழுவி வைத்திருங்கள். அதில் வாய்வரை நிரப்பி மூடிப் பிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் அயோர்யித்திகோ மூன்று நாள், ஸினோமாவ்ரோ நாலைந்து நாள் நிற்கும். அதற்குப் பிறகும் மிஞ்சினால் அடுத்த ஸ்திஃபாதோச் சட்டிக்கு.